பேச்சுக்கு முந்திய வழிபாடு

மொழி தெரியாத ஊரில் குடியேறுகிறவர் எந்த மொழியில் கும்பிடுவார், அந்தக் கும்பிடு அவரை ஊர்க்காரர் ஆக்குமா என்பவை சமயத்தைச் சுற்றி நெடுங்காலமாக எழும் கேள்விகள். மனிதரோடு வாழ மொழி வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தெய்வத்தை அணுகவும் மொழி வேண்டுமா, வேண்டுமென்றால் அது யார் மொழி என்பதில்தான் மரபுகள் பிரிகின்றன. ஏட்டை மட்டும் வைத்து வாதிட்டால் இவை முடிவதில்லை. ஒரு நிலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு அதற்கு மிகவும் பொருந்திய இடம்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே கூடலூரில் தொடங்கிக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாகத் தேனிப் பக்கம் வரை நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகிற பூமி. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்ற மூன்று வழிகளும் கேரளத்துக்கு ஏறுகின்றன. விடியுமுன் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் புறப்படும் பெண்கள் பொழுது சாயும்போது இறங்கிவிடுகிறார்கள். மலைமேல் மலையாளம், அடிவாரத்தில் தமிழ். பள்ளத்தாக்குக்குள்ளேயே வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசி, வாசல்படி தாண்டியதும் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அண்மைக் காலத்தில் நூற்பாலைகளிலும் கட்டட வேலையிலும் ஓட்டல்களிலும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, அசாம் மாநிலங்களின் இளைஞர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முன்னவர்களின் பாட்டன் பூட்டன்மாரும் பின்னவர்களும் ஒரே நிலையில்தான் இங்கே வந்து நின்றார்கள்: ஊர்ப்பேச்சு புரியாது, ஊராருக்கு அவர்கள் பேச்சு புரியாது.

கன்னடம் பேசும் ஒக்கலிகர்களின் கதை இதில் மிகத் தெளிவானது. பழைய நூல்கள் அவர்களைக் காப்பிலியர் என்று குறிக்கின்றன. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ நூல், பல நூற்றாண்டுகளுக்கு முன் துங்கபத்திரைக் கரையிலிருந்து தொட்டியரோடு சேர்ந்து தெற்கே வந்ததாக அவர்கள் சொல்லிக்கொள்ளும் வழக்காற்றைப் பதிவு செய்திருக்கிறது. வந்தவர்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள் என்பது அந்த வழக்காற்றின் உயிர்நாடி. கம்பத்தில் அந்த மந்தை தெய்வ மந்தையாக நிலைத்தது. இன்று அது நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழு என்று அறியப்படுகிறது. இந்த மாடுகளை ஏரிலும் வண்டியிலும் பூட்டுவதில்லை. அவை யாருக்கும் சொந்தமில்லை, தெய்வத்துக்குரியவை. மாட்டுப் பொங்கலன்று பள்ளத்தாக்கின் எல்லா ஊர்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சனம் தொழுவுக்குத் திரண்டு வந்து மாடுகளுக்குத் தீவனம் கொடுத்துக் கும்பிட்டுப் போகிறது. அந்தக் கூட்டத்தில் கன்னடம் தெரிந்தவர்கள் சிறுபான்மைதான்.

மந்தைக்குத் தலைமை தாங்கும் பட்டத்துக் காளையைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பழைய பதிவுகள் சொல்கின்றன. முன்னிருந்த காளை இறந்துவிட்டால் நல்ல நாள் பார்த்து மந்தை முழுவதையும் ஓரிடத்தில் சேர்ப்பார்கள். சூடம், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துப் பூசை நடக்கும். பிறகு ஒரு கரும்புக்கட்டை மாடுகளுக்கு முன்னால் போட்டுவிட்டுச் சுற்றிலும் நிற்பவர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எந்தக் காளை தானாக நடந்து வந்து அந்தக் கரும்பைக் கடிக்கிறதோ அதுவே பட்டத்துக் காளை. அதற்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, நந்தகோபாலன் என்றே வணங்குவார்கள். இந்தச் சடங்கின் உச்சமான கணத்தில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை. வேற்று மொழிக்காரர் ஒருவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தாலும் நடந்தது இன்னதென்று அவருக்குத் தெளிவாகத் தெரியும். தீர்ப்புச் சொல்வது எந்த மனித மொழியும் இல்லாத ஓர் உயிர். குடியேறிய ஒரு சமூகம் தன் நடுநாயகமான வழிபாட்டைப் பேச்சில்லாத செயலில் நிறுவியிருக்கிறது என்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. அக்கம்பக்கத்தார் அதில் கலந்துகொள்வதற்குத் தடையே இல்லாமல் போனது.

அவர்களோடு வந்ததாகச் சொல்லப்படும் தொட்டியரிடமும், அதாவது தெலுங்கு பேசும் ராஜகம்பளத்தாரிடமும், இதே இயல்பைக் காணலாம். மதுரை நாயக்கர் ஆட்சியில் பாளையங்கள் அமைந்தபோது போடிநாயக்கனூர் போன்ற இடங்களில் அவர்கள் வேரூன்றினார்கள். அவர்களுடைய குலதெய்வம் ஜக்கம்மா. அவர்களுடைய ஆட்டம் தேவராட்டம். தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. தேவதுந்துபி மேளத்தின் அடிக்கேற்பக் கைக்குட்டையை வீசி வரிசையாக ஆடுவதுதான் ஆட்டம். தெலுங்கு அறியாத தமிழர் பார்த்தாலும் அதில் எதையும் இழப்பதில்லை. அது கோயில் முற்றத்தைத் தாண்டிப் பள்ளி மாணவர்களின் மேடைகளுக்கும் வந்துவிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வழிபாட்டில் செயல் முந்தியதா, சொல்லும் பொருளும் முந்தியவையா என்ற வாதம் இந்தியச் சிந்தனையில் மிகப் பழையது. மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்சர் என்பவர் வாதிட்டதாக யாஸ்கரின் ‘நிருக்தம்’ பதிவு செய்கிறது. யாஸ்கர் அதை மறுத்து, பொருளறியாமல் ஓதுவது பயனற்றது என்ற பக்கம் நின்றார். மரபும் பெரும்பாலும் யாஸ்கரின் பக்கமே நின்றது. ஆனால் கௌத்சரின் வாதம் சாகவில்லை. 20ஆம் நூற்றாண்டில் கேரளத்து வேத வேள்விகளை நேரில் பார்த்து ஆராய்ந்த ஃபிரிட்ஸ் ஸ்டால், சடங்கு என்பது விதிகளாலான செயல், அதன் மதிப்பு பொருளில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். இந்த முடிவை முழுமையாக ஏற்க வேண்டியதில்லை. சடங்கு செய்கிறவருக்கு அது பொருளற்றதாக ஒருபோதும் இருப்பதில்லை; பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்ததற்காக அக்கினிச் சட்டி எடுக்கும் தாயிடம் அதன் பொருள் என்ன என்று கேட்டால் அவர் தடுமாற மாட்டார். ஆனால் அந்தப் பொருள் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கவில்லை என்ற அளவில் கௌத்சரும் ஸ்டாலும் ஓர் உண்மையைத் தொட்டிருக்கிறார்கள்.

தேனிக்கு அருகில் முல்லையாற்றங்கரையில் இருக்கும் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவை வைத்து இதைப் பார்க்கலாம். கொடியேறியதும் மூன்று கிளையுள்ள கம்பம் நடப்படுகிறது. பக்தர்கள் ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து அதற்கு ஊற்றுகிறார்கள். மஞ்சள் உடுத்தி, வேப்பிலை கட்டி, தீச்சட்டி ஏந்துகிறார்கள். கண்ணோய்க்கும் அம்மை நோய்க்கும் நேர்ந்துகொண்டவர்கள் உடம்பெல்லாம் துளையிட்ட ஆயிரங்கண் பானையை எடுக்கிறார்கள். நேர்த்திக்கடன் என்பதன் அமைப்பு எளியது: ஒன்றைக் கேட்டு, ஒன்றைத் தருவதாக ஒப்புக்கொண்டு, கிடைத்ததும் தருவது. ஒப்பந்தம் நெஞ்சுக்குள் எந்த மொழியிலும் நடக்கலாம். நிறைவேற்றம் எல்லார் கண்ணுக்கும் முன்னால், மொழியே இல்லாமல் நடக்கிறது. ஆற்றிலிருந்து கம்பம் வரை ஒரு குடம் தண்ணீர் சுமக்கத் தெரிந்த எவரும் அந்த வரிசையில் சேரலாம். பக்கத்தில் நடப்பவர் தன் குடத்தைத் தொட்டுக் காட்டி வழி சொல்லிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவரும் தன் வழிபாட்டின் பெரும் பகுதியைப் புரியாத மொழியில்தான் கேட்டுவந்திருக்கிறார். பெரிய கோயில்களில் அர்ச்சனை வடமொழியில் நடந்தது, இன்றும் பெரும்பாலும் நடக்கிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் வாழும் தமிழ் பேசும் ராவுத்தர்கள் தொழுகையை அரபியில் தொழுகிறார்கள். கத்தோலிக்கர்களின் திருப்பலி, 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆகவே சந்நிதியில் நிற்கும்போது, உள்ளூர்க்காரரும் நேற்று ரயிலிறங்கியவரும் ஏறக்குறைய சம தூரத்தில் நிற்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞர் ஞாயிற்றுக்கிழமை தமிழ்த் திருப்பலிக்குப் போனால், எப்போது எழுந்து நிற்பது, எப்போது முழங்காலிடுவது, எப்போது வரிசையில் போய் நற்கருணை வாங்குவது என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரியும். மறையுரை மட்டும் புரியாது. பீகாரிலிருந்து வந்த முஸ்லிம் தொழிலாளிக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகையில் உரையைத் தவிர வேறெதுவும் அந்நியமாக இருக்காது.

அந்த உரையில்தான் எதிர்வாதம் தொடங்குகிறது. சமயம் வெறும் செயலன்று, அது தெய்வத்தைப் பற்றிய சொல்லும்கூட என்கிறவர்கள் பலமான கட்சி. அறிவு எதுவும் சொல்லை விட்டுப் பிரிந்து நிகழ்வதில்லை என்று பர்த்ருஹரி சுமார் 5ஆம் நூற்றாண்டில் ‘வாக்யபதீய’த்தில் வாதிட்டார். தமிழ்ப் பக்தி இயக்கம் இந்தக் கருத்தை வேறொரு வழியில் நிலைநாட்டியது. நாயன்மாரும் ஆழ்வாரும் தெய்வத்தைத் தாய்மொழியில் அழைத்தார்கள். வைணவ ஆசாரியர்கள் ஆழ்வாரின் பாசுரத்தை வேதத்துக்கு நிகராக நிறுத்தினார்கள். அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ‘ஆசார்ய ஹ்ருதயம்’ அந்த நிலைப்பாட்டுக்கு முழு நூல் அளவில் வாதாடுகிறது. நெஞ்சு திறப்பது தாய்மொழியில்தான் என்றால், மொழி புரியாத ஊரில் கும்பிடுகிறவரின் பக்தி பாதிதான் என்றாகிறது.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியக் கிறிஸ்தவ மறைபரப்பாளர் இராபர்ட் தெ நொபிலி இந்தக் கட்சியைத் தன் வாழ்வாலேயே மெய்ப்பித்தார். அவருக்கு முன் அங்கே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் பத்தாண்டுக்கு மேல் பணிசெய்தும் மதுரைக்காரர்களிடம் அவருடைய சமயம் சென்று சேரவில்லை. நொபிலி தமிழையும் தெலுங்கையும் வடமொழியையும் கற்று, தமிழ் உரைநடையில் நூல்கள் எழுதி, விவாதிக்கத் தொடங்கிய பிறகே கேட்பதற்கு ஆள் வந்தது. சடங்கில் பங்கெடுக்க மொழி வேண்டாம். ஒரு கொள்கையை ஏற்கவோ மறுக்கவோ மொழி இன்றியமையாதது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டு கட்சிகளும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை என்பது விளங்கும்.

குடியேறியவர்களின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகள் இரண்டையும் சேர்த்து நடத்தியிருக்கின்றன. மதுரையின் சௌராஷ்டிரச் சமூகத்தில் 1843இல் பிறந்த நடனகோபால நாயகி சுவாமிகள், திருமாலை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் கொண்டு சௌராஷ்டிரத்திலும் தமிழிலும் கீர்த்தனைகள் பாடினார். அவர் முன்னோர் மேற்கிந்தியாவிலிருந்து தெற்கே வந்த நெசவாளர்கள். வீட்டுமொழியில் பாடியது வேர் அறாமல் இருந்ததற்குச் சான்று. ஊர்மொழியில் பாடியது அந்த ஊரின் தெய்வத்தோடு பேசத் தனக்கும் உரிமையுண்டு என்ற அறிவிப்பு. குடியேற்றம் முழுமையடைவது இந்த இடத்தில்தான் என்று சொன்னால் தவறாகாது. முதல் தலைமுறை கையால் கும்பிடுகிறது. பின் தலைமுறை வாயாலும் கும்பிடுகிறது.

மொழியே வேண்டாம், மௌனமே உயர்ந்த மொழி என்ற மூன்றாவது நிலையும் இங்கே வலுவானது. சனகாதி முனிவர் நால்வருக்குச் சின்முத்திரையால் உபதேசித்த தட்சிணாமூர்த்தியைச் சிவன் கோயிலின் தெற்குச் சுவரில் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். 1896இல் மதுரையை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போன ரமணர் அங்கே நெடுங்காலம் பேசாமலிருந்தார். பின்னாளில் தமிழ் அறியாத வெளிநாட்டினர் பலர் அவர் முன் சும்மா உட்கார்ந்திருந்தே உபதேசம் பெற்றதாக எழுதினார்கள். இந்த நிலைக்கு உரிய மதிப்பைத் தரத்தான் வேண்டும். ஆனால் மொழி தெரியாதவரின் பேச்சின்மையை இந்த மௌனத்தோடு சேர்த்து எண்ணுவது பெரும் பிழை. ரமணர் பேச முடிந்தும் பேசாமலிருந்தார். நூற்பாலை விடுதியில் வாய் திறக்காமல் இருக்கும் ஒடிசா இளைஞர் பேச ஆசைப்பட்டும் பேச முடியாமல் இருக்கிறார். முதலாவது ஒருவர் தேர்ந்துகொண்ட துறவு; இரண்டாவது ஒருவர் மேல் விழுந்த இல்லாமை. இரண்டாவதை ஆன்மிகமாக அழகுபடுத்துவது அந்த இளைஞருக்கு அநீதி.

வழிபாட்டுத் தலம் மொழி கேட்பதில்லை என்பதால் அது எதையுமே கேட்டதில்லை என்றும் ஆகிவிடாது. தமிழ் பேசி, இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களையே சாதி கேட்டு வாசலில் நிறுத்தியது கோயில். 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் அப்படித் தடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த பிறகே அந்த நிலை சட்டத்தால் மாறத் தொடங்கியது. மொழி தெரியாத வந்தேறிக்கு எளிதாகத் திறந்த கதவு, மொழி தெரிந்த உள்ளூர் ஏழைக்கு மூடிக் கிடந்தது. குடியேறியவரைச் சேர்த்துக்கொண்ட கதையைப் பெருமையாகச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

பள்ளத்தாக்கு ஓர் அந்நியரை வழிபாட்டுக்குள் எடுத்துக்கொண்ட மிக அண்மைய நிகழ்வு ஜான் பென்னிகுயிக்குடையது. 1841இல் புனேயில் பிறந்த இந்த ஆங்கிலேயப் பொறியாளர் 1887 முதல் 1895 வரை முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 அன்று தேனிக்கு அருகிலுள்ள பாலார்பட்டியில் அவருக்காகப் பொங்கல் வைக்கிறார்கள். வீடுகளிலும் கடைகளிலும் அவர் படம் சாமி படங்களோடு தொங்குகிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. 2013இல் லோயர் கேம்பில் அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதைக்கு உறுதியான ஆவணச் சான்று இல்லை. ஆனால் ஒரு மனிதரைத் தெய்வத்துக்குப் பக்கத்தில் வைக்க விரும்பும் சனங்கள், அவர் எதையோ இழந்தார் என்று சொல்லித்தான் வைப்பார்கள். நாட்டார் சமயத்தில் ஒருவர் இந்த ஊருக்குரியவரா என்பதற்கு அளவுகோல் அவர் பேசிய மொழி அன்று. அவர் தந்ததும் இழந்ததுமே. அணை வேலையில் மலேரியாவிலும் காலராவிலும் மடிந்த கூலியாட்களும் அதே அளவுகோலின்படி வணக்கத்துக்குரியவர்கள். அவர்களுக்குப் பெயர் சொல்லிப் பொங்கல் வைக்க யாருமில்லை.

ஆகவே தெய்வத்தை அணுக மொழி கட்டாயமில்லை. ஓர் ஊரில் மரியாதை பெறவும் அது கட்டாயமில்லை. நியாயம் பெற மட்டும் அது கட்டாயம். கூடலூருக்கு மேலே, எல்லை மலை உச்சியில், ஆண்டுக்கு ஒரே நாள் சித்ரா பௌர்ணமியன்று இரு மாநிலத்துப் பக்தர்களும் ஏறிக் கும்பிடும் மங்கலதேவி கண்ணகி கோயில் இதற்குச் சாட்சி. கண்ணகியும் ஊர் விட்டு ஊர் வந்தவள்தான். சோழ நாட்டுப் புகாரிலிருந்து பாண்டியன் மதுரைக்கு வந்து, மன்னனின் தீர்ப்பால் ஒரே நாளில் கணவன் கோவலனை இழந்தாள். அரசவையில் நின்று தன் வழக்கைத் தானே எடுத்துரைக்க அவளுக்கு மொழி இருந்தது; மன்னனுக்கு அது புரிந்தது; அதனால்தான் தீர்ப்புத் தவறு என்பது வெளிப்பட்டது. அவளுக்கு மதுரையின் மொழி தெரியாமலிருந்து, காவலர் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தால் கோவலன் கள்வனாகவே முடிந்திருப்பான். பள்ளத்தாக்கின் உச்சியில் இருக்கும் தெய்வம் வாய்திறந்து நியாயம் கேட்ட பெண் என்பதை அவளைக் கும்பிடுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இன்றைய வந்தேறிக்குக் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் திறந்திருக்கின்றன. கூலி குறையும்போதும், இயந்திரத்தில் விரல் நசுங்கி மருத்துவமனைக்கு ஓடும்போதும், காவல் நிலையத்தில் நிறுத்தப்படும்போதும் அவை போதாது. இதை அறிந்துதான் 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் சம்பள விகிதம், வேலைக் காலம், பிடித்தங்கள், ஊர் திரும்பும் கட்டணம் ஆகியவற்றைக் குறித்த ஒரு கணக்கேடு (பாஸ்புக்) தரப்பட வேண்டும் என்றது. அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்றும், அவை இரண்டும் அவர் மொழி அல்ல என்றால் அவர் மொழியிலும் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. வேலைக்கு வந்தவரின் கையில் அவர் படிக்கக்கூடிய கணக்கும், மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் அவர் சொல்வதை விளங்கிக்கொள்ள ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று கேட்கும் கடமை எல்லாருக்கும் உண்டு. துங்கபத்திரைக் கரையிலிருந்து மாடு ஓட்டி வந்தவர்களின் வழித்தோன்றல்களும், தினமும் மலையேறி வேற்று மாநிலத்தில் கூலி வாங்கி வருகிறவர்களும் அதை முதலில் கேட்க வேண்டும்.